தோமாவுக்குக் கோயில் உண்டு, உட்கார இடமில்லை!

"உங்களுக்கு விசுவாசம் பத்தலை."

கிறிஸ்தவ வீடுகளில் அதிகமாகப் புழங்கும் மருந்துச் சீட்டு இதுதான். காய்ச்சல் இறங்கவில்லையா? விசுவாசம் பத்தலை. பையனுக்கு வேலை கிடைக்கவில்லையா? விசுவாசம் பத்தலை. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் குழந்தை இல்லையா? அதற்கும் அதே சீட்டுதான். எழுதிக் கொடுப்பவருக்கு ஒரு செலவும் இல்லை. வாங்கிக்கொண்டு போகிறவர்தான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறார்.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் தொண்டாமுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை, பாக்கு, வாழை, காய்கறி என்று விவசாயத்தை நம்பி இருக்கும் ஊர். ராத்திரியில் யானை இறங்கி வாழையை மிதித்துப் போட்டுவிட்டுப் போனால், விடிந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து கூட நிற்பார்கள். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்றால் ஊரே உச்சுக் கொட்டும். "தண்ணி மேல உனக்கு நம்பிக்கை பத்தலை, அதான் வரலை" என்று எவனாவது சொன்னால், அவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் அதே விவசாயி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க பாஸ்டர், இவ்வளவு ஜெபம் பண்ணியும் ஆண்டவர் காதுலயே போட்டுக்கலீங்களே?" என்று கேட்கட்டும். நஷ்டப்பட்டவர் ஒரு நொடியில் குற்றவாளி ஆகிவிடுவார். எங்கே பாவம் செய்தார், எங்கே ஜெபத்தில் குறை வைத்தார் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். எல்லா ஊழியர்களும் இப்படி இல்லை, உண்மைதான். பேசாமல் கூட உட்கார்ந்து அழுகிறவர்களும் உண்டு. ஆனால் மைக் அவர்கள் கையில் இருப்பதில்லையே!

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே இரண்டு வேறு வேறு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். "நம்ப மாட்டேன்" என்று முதுகைக் காட்டிவிட்டுப் போவது ஒன்று. "நம்ப முடியலையே" என்று அழுவது இன்னொன்று. முதல் ஆளுக்கு ஜெபக்கூடத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வித்தியாசம் கூடவா கண்ணுக்குத் தெரியவில்லை?

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு அப்பா வருகிறார். வலிப்பில் துடிக்கும் மகனைக் கொண்டுவந்தவர். தனக்கு விசுவாசம் இருக்கிறது என்றும், இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லி அழுகிறார். "போய் முழு விசுவாசத்தோடு அடுத்த வாரம் வா" என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. பையன் அன்றைக்கே குணமாகி எழுந்தான். பள்ளிக்கூடப் பரீட்சையில் 35 எடுத்தாலே பாஸ். சபையில் மட்டும் நூற்றுக்கு நூறு கேட்பது யார் போட்ட சட்டம்?

அடுத்து தோமா. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அவர் மேல் தனிப் பெருமை. கி.பி. 52-ல் கேரளக் கரையில் வந்து இறங்கினார், சென்னையில் ரத்தசாட்சியாக மரித்தார் என்பது மரபு. பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் என்று மூன்று இடங்கள் அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றன. அதே வாயால், ஒருவரைத் திட்ட வேண்டுமானால் "சந்தேகத் தோமா" என்று சொல்வது என்ன நியாயம்?

யோவான் 20-ஐ எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். மற்ற சீடர்கள் எல்லாம் பார்த்துவிட்டோம் என்கிறார்கள். காயத்தில் விரல் வைத்துப் பார்க்காமல் நம்ப முடியாது என்கிறார் தோமா. பெரும்பாலான பிரசங்கங்கள் இங்கிருந்து நேராகக் கடைசிக் காட்சிக்குத் தாவிவிடும். நடுவில் எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாள் கழித்து அதே வீட்டுக்குள் தோமாவும் இருக்கிறார். அப்படியென்றால் அவரை யாரும் துரத்தவில்லை என்றுதானே அர்த்தம்? பார்த்தவர்களும் பார்க்காதவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறார்கள். முதல் சபைக்கு அந்தப் பொறுமை இருந்தது.

"காணாமல் விசுவாசிக்கிறவர்களைத்தானே இயேசு பாக்கியவான்கள் என்றார்?" என்று உடனே கேட்பார்கள். ஆமாம். ஆனால் எப்போது சொன்னார்? முதலில் காயத்தைத் தொட்டுப் பார் என்றார், பிறகுதான் அதைச் சொன்னார். பேதுரு தண்ணீரில் முங்கும்போதும் இதே வரிசைதான். முதலில் கையைப் பிடித்துத் தூக்கினார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது அதற்குப் பிறகு. கை முதலில், கேள்வி பிறகு. இன்றைய மேடைகளில் கேள்வி மட்டும் இருக்கிறது, கையைக் காணோம்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு அன்னை தெரசா. 1997-ல் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. கல்கத்தா சேரிகளில் வேலையை ஆரம்பித்த காலத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம், இடையில் கொஞ்ச நாள் தவிர, கடவுள் இருப்பதே தன் மனதுக்குத் தெரியவில்லை என்ற வேதனையோடு வாழ்ந்திருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொல்லியும் கேட்டிருந்தார். அவற்றை எல்லாம் படித்த பிறகுதான் 2016-ல் அவரைப் புனிதர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது. ஜெபம் வறண்டுபோன அத்தனை வருஷமும் அவர் தொழுநோயாளிகளையும் சாகக் கிடந்தவர்களையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் போய் "விசுவாசம் பத்தலை" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

கோவைக்கே சொந்தமான ஒரு கதையும் உண்டு. கோவையின் முதல் கத்தோலிக்க ஆயர் மரியோன் பிரெசியாக், பிரான்ஸ்காரர். 1846-ல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். அவருக்குக் கடவுள் மேல் சந்தேகம் இல்லை. சாதியோடு பின்னிக் கிடந்த வழக்கங்களைத் திருச்சபைக்குள் அனுமதிப்பது சரியா என்ற சந்தேகம். மனசாட்சி ஒப்பவில்லை, மழுப்பவும் தெரியவில்லை. பதவியை விட்டு விலகினார். 1856-ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859-ல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். 2020-ல் ரோம் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. தன் சந்தேகத்தை முழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

சபையில் வாயை அடைத்துவிட்டால் கேள்வி செத்துவிடாது, வேறு இடம் தேடிப் போகும். பெரியார் பிறந்த கொங்கு மண்ணில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்? "பிள்ளைகள் எல்லாம் நாத்திகம் பேசுகிறார்கள்" என்று புலம்பும் பெரியவர்கள், அந்தப் பிள்ளை முதல் கேள்வியை யாரிடம் கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். சில பகுத்தறிவு நண்பர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "சந்தேகம் வந்துட்டுதில்ல, அப்புறம் எதுக்கு இன்னும் சர்ச்சுக்குப் போறே?" என்பார்கள். அந்தப் பக்கமும் நூற்றுக்கு நூறு கேட்கிறார்கள் :)

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. விசுவாசத்தை நிரூபிக்கச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மன அழுத்தத்தில் இருப்பவர் டாக்டரிடம் போனால் அவிசுவாசி என்று பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். "பத்தலை" என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு உயிரே விலையாகப் போகலாம்.

சபைகள் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் இருக்கிறது. சாட்சி நேரத்தில் இப்போது ஜெயித்தவர்கள் மட்டும்தான் எழுந்து நிற்கிறார்கள். கேட்டோம், கிடைத்தது, அல்லேலூயா! அந்த வரிசையில் இன்னொருவரையும் எழுந்து நிற்க விடுங்கள். "மூணு வருஷமா கேட்கறேனுங்க, இன்னும் கிடைக்கலை. கேட்கறவர் இருக்கறாரான்னே சில நாள் சந்தேகமா இருக்குது. ஆனா இன்னைக்கும் வந்திருக்கேன்." அவ்வளவுதான் சாட்சி. அதற்கும் அல்லேலூயா சொல்லத் தெரிந்த சபைதான், தோமா பெயரை வைத்துக்கொள்ளத் தகுதியான சபை.