போத்தலின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ரம்மோடு கலப்பதற்கு எந்த ஜிஞ்சர் பியர் ஏற்றது என்று புலம்பெயர்ந்த நண்பர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பத்திரிகைத் தொழிலில் பல கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இப்படியொரு கேள்வி எவரிடமிருந்தும் வந்ததில்லை. மதுவைப் பற்றிய பேச்சென்றாலே முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நான் எந்த மதுவுக்கும் பரிந்துபேச வரவில்லை. இலங்கையில் மதுவிளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய சட்டம் தடை விதித்திருக்கிறது. அந்தத் தடையில் எனக்கு முழு உடன்பாடு. மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதையும் மறக்கவில்லை. ஆகவே குடிக்காத எவரும் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. நான் பேசப்போவது அந்தக் கேள்வியின் மறுபாதியைப் பற்றி, அதாவது ஜிஞ்சர் பியரைப் பற்றி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஞ்சி உள்ளதும் சீனி குறைந்ததுமான ஜிஞ்சர் பியரே ஏற்றது. இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். ஜிஞ்சர் பியரில் இஞ்சி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்பீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இஞ்சி நம்முடைய சொல். கிரேக்கர் 'ஸிங்கிபெரிஸ்' என்றும் ரோமர் 'ஸிங்கிபெர்' என்றும் அழைத்த பெயரின் வேரைத் தேடிப்போன மொழியியலாளர் பலர், பாளி, பிராகிருத வடிவங்களின் வழியாகத் திராவிட மொழிகளின் 'இஞ்சி வேர்' என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயரின் 'ஜிஞ்சர்' அதன் பேரப்பிள்ளை. அந்தப் பேரப்பிள்ளை போத்தலில் அடைபட்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஜிஞ்சர் பியர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடுகளில் நொதிக்கவைத்த பானமாகத் தொடங்கியது. இஞ்சி, சீனி, தண்ணீர், இவற்றோடு 'ஜிஞ்சர் பியர் செடி' என்று மக்கள் அழைத்த வெண்ணிறக் கட்டி ஒன்றையும் போட்டு நொதிக்க வைப்பார்கள். அது செடியே அல்ல, ஒருவகை ஈஸ்டும் பக்டீரியாவும் கூடிவாழும் கூட்டு என்று 1892இல் ஆய்ந்து எழுதியவர் ஹரி மார்ஷல் வார்ட். இலங்கை வாசகர்கள் இந்தப் பெயரை வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்க வேண்டும். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் காரணத்தைக் கண்டறிய 1880இல் அரசு இங்கே வரவழைத்த இளம் விஞ்ஞானி அவர்தான். கோப்பியை அவரால் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் ஒரு பூஞ்சை எவ்வாறு பயிரைத் தின்கிறது என்பதைத் தெளிவாக எழுதிவைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதே கண்கள் ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் நோக்கின.

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நொதித்தவையல்ல. பாகும் சுவையூட்டியும் தண்ணீரும் சேர்த்து, காபனீரொட்சைட்டை ஏற்றி அடைத்தவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. மதுவைத் தொடாதவரும் பிள்ளைகளும் தயக்கமின்றி அருந்த முடிவது அதனால்தான்.

இலங்கையில் ஜிஞ்சர் பியருக்குத் தனி இடமுண்டு. 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனியாகத் தொடங்கி இன்று சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என வழங்கும் நிறுவனத்தின் எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியரை அறியாத ஊரில்லை. வயிறு ஊதினால் ஜிஞ்சர் பியர். விருந்தாளி வந்தால் ஜிஞ்சர் பியர். தென்னஞ்சாராயம் அருந்துவோர் கைநீட்டுவதும் முதலில் இதற்கே. தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயத்தின் மென்மையான மணத்துக்கு இஞ்சி நன்றாகப் பொருந்தும்.

ரம் வேறு பிறப்பு. சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிப்பது. கயானா, மொரீசியஸ், நேட்டால் என்று கரும்பு விளைந்த நாடுகளிலெல்லாம் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வியர்வையும் அதன் வரலாற்றில் உண்டு. எரிந்த சீனியின் மணமும் மரப்பீப்பாயின் வாசமும் அதில் முன்னமே இருக்கின்றன. இந்தியாவின் ஓல்ட் மங்க்கில் வனிலா வாசமும் சேரும். இப்படி இனிப்பை நினைவூட்டும் ஒன்றின் மேல் இனிப்பான மென்பானத்தை ஊற்றினால் இரண்டுமே கெடும். பெர்முடாத் தீவில் கறுப்பு ரம்மோடு ஜிஞ்சர் பியர் சேர்க்கும் கலவைக்குப் பெயர்வைத்து, அந்தப் பெயருக்கு வணிகக்குறியும் வாங்கி வைத்திருக்கிறது ஒரு ரம் நிறுவனம். அந்தக் கலவையின் உயிர் இஞ்சியின் காரம். காரம் குறைந்து சீனி கூடினால் எஞ்சுவது பாணிதான்.

அண்மையில் வில்பத்துக் காட்டைப் பார்க்கவென்று நண்பர்கள் சிலரோடு எலுவன்குளம் போயிருந்தேன். புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லைக் கடந்து, காட்டின் ஒரு வாயிலை ஒட்டிய ஊர். பக்கத்தில் கலா ஓயா ஓடுகிறது. கண்டல் காடுகளுக்கிடையே அது புத்தளம் களப்பில் கலக்குமிடமும் தொலைவில்லை. கனடாவிலிருந்து வந்த நண்பர் ஜமெய்க்கா ரம் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். ஜிஞ்சர் பியர் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சிறிய கடையொன்றில் ஒருவகை மட்டும் இருந்தது. நான் முன்பு கேள்விப்பட்டிராத பெயர். திருப்பிப் பார்த்தேன். தண்ணீர், சீனி, அமிலம், 'இஞ்சிச் சுவையூட்டி', நிறம், பாதுகாப்புப் பொருள். முன்பக்கத்தில் இரண்டு பெரிய இஞ்சிக் கிழங்குகளின் படம். நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார நானா சொன்னார்: "இஞ்சி வேணுமெண்டா இஞ்சியையே வாங்குங்க சேர். இது சீனித்தண்ணி."

அவரிடம் இஞ்சியும் இருந்தது. சிறிய, நாரோடிய, மண்வாசம் மாறாத நாட்டு இஞ்சி. பருத்துத் தெரியும் சீன இஞ்சியைவிட அதற்கு மணமும் காரமும் அதிகம். கால் கிலோ இஞ்சியும் தேசிக்காயும் சோடாவும் வாங்கிக்கொண்டேன்.

கடையில் வாங்கத்தான் வேண்டும் என்போருக்கு, சுவைத்துப் பார்த்து அறியும் வழியொன்று உண்டு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரோல் என்ற பொருள். உலர்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி ஷோகோலாக மாறும். காரம் இன்னும் ஏறும். இந்தக் காரம் மெல்ல எழுந்து தொண்டையில் இறங்கி நிற்கும். மூக்கில் மணமும் கூடவே வரும். சில தயாரிப்பாளர்கள் காரத்துக்காக மிளகாய்ச் சாறு சேர்க்கிறார்கள். அது உதட்டையும் நாக்கையும் சுடும், மணம் இராது. போத்தலின் அடியில் மண்டி தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கலங்கலைச் செயற்கையாகவும் உண்டாக்கலாம்.

ஜிஞ்சர் பியரும் ஜிஞ்சர் ஏலும் ஒன்றென்று எண்ணுவோரும் உண்டு. ஜிஞ்சர் ஏல் தெளிவானது, காரம் தணிந்தது. டொரன்டோவில் ஜோன் மெக்லாக்லின் என்பவர் 1904இல் உருவாக்கிய கனடா ட்ரை இதில் புகழ்பெற்றது. 'உண்மையான இஞ்சியால் செய்தது' என்று அதன் லேபலில் எழுதியிருந்ததை எதிர்த்து அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2019இல் முடிந்த இணக்கத்தின்படி அந்த வாசகத்தை மாற்றுவதற்கு நிறுவனம் சம்மதித்தது. பெரிய நாட்டில், பெரிய நிறுவனத்தின் லேபலுக்கே இந்த நிலையென்றால், நம் ஊர்ச் சிறு போத்தல்களை யார் கேட்பது?

இனிச் சீனிக்கு வருவோம். அவுஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஜிஞ்சர் பியரை நம்மவர் பலர் விரும்பி வாங்குகிறார்கள். நொதிக்கவைத்துச் செய்வது, சுவையிலும் குறைசொல்ல மாட்டேன். அதன் 375 மில்லிலீற்றர் போத்தலில் சுமார் 40 கிராம் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் பத்து. ஒரு நாளில் இத்தகைய சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. 50 மில்லிலீற்றர் ரம்முக்கு 150 மில்லிலீற்றர் ஜிஞ்சர் பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்துக் கிராம் சீனியுள்ள பானமென்றால் ஒரு குவளைக்கு 15 கிராம். மூன்று குவளையில் 45. நீரிழிவு இல்லாத குடும்பத்தை நம்மிடையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காலத்தில் இது சிறிய கணக்கல்ல. இனிப்பு மதுவின் எரிவை மறைப்பதால், மூன்றோடு நிறுத்த வேண்டியவர் நான்காவதுக்குக் கைநீட்டுவார் என்பதும் உண்டு.

அப்படியானால் சீனியற்ற 'டயட்' வகையை வாங்கலாமே என்பீர்கள். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. 2006இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் எட்டு ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே அளவு வொட்காவை ஒருநாள் சீனியுள்ள பானத்திலும் இன்னொருநாள் செயற்கை இனிப்புள்ள பானத்திலும் கலந்து கொடுத்தார்கள். சீனியற்ற கலவையில் பாதி இரைப்பையைவிட்டு வெளியேற 21 நிமிடங்களே ஆயின. சீனியுள்ளதற்கு 36 நிமிடங்கள். இரத்தத்தில் மதுவின் உச்ச அளவு 0.034இலிருந்து 0.053 சதவீதமாக உயர்ந்தது. எட்டுப் பேரை வைத்து உலகுக்கே சட்டம் எழுதமுடியாதுதான். ஆனாலும் 'டயட்' என்று நினைத்து வேகமாக ஊற்றிக் குடித்துவிட்டு வாகனமோட்டப் புறப்படுகிறவர் இதை அறிந்திருப்பது நல்லது. வெறும் வயிற்றில் குடிப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும்.

எலுவன்குளத்தில் நாங்கள் செய்தது எளிது. இஞ்சியைத் தோல்சீவித் துருவி, சிறிது வெந்நீரில் ஊறவைத்து வடித்தோம். ஒரு சிறு துண்டுப் பனங்கட்டியைக் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, சோடாவை ஊற்றினோம். சீனியின் அளவு எங்கள் கையில் இருந்தது. ரம் வேண்டியவர் அளந்து சேர்த்துக்கொண்டார்; வேண்டாதவர் அப்படியே பருகினார். கூடவே பொரித்த மீன். இதைவிடச் சிறந்த ஜிஞ்சர் பியரை எவரும் எனக்கு விற்கமுடியும் என்று தோன்றவில்லை.

ஆனால் எல்லோரும் எல்லா நாளும் இஞ்சி துருவிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் லேபலைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் முறை இலங்கையில் 2016 ஆகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். அதற்குக் கீழே பச்சை. நல்ல தொடக்கம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 3 கிராம் உள்ள பானத்துக்கும் 10.5 கிராம் உள்ள பானத்துக்கும் ஒரே செம்மஞ்சள் என்பது என்ன நீதி? சிவப்பிலிருந்து தப்ப அரைக் கிராம் குறைத்தால் போதும். அதற்குமேல் குறைப்பவருக்கு அந்த நிறத்தால் பயனில்லை. பிரித்தானியா 2018 ஏப்ரலில் கொண்டுவந்த மென்பான வரி 5 கிராமில் தொடங்கி 8 கிராமில் கூடியது. பல நிறுவனங்கள் தாமாகவே 5 கிராமுக்குக் கீழே இறங்கின. எல்லையை எங்கே கீறுகிறோமோ அங்கேதான் வியாபாரி வந்து நிற்பான்.

இரண்டாவது குறை இஞ்சியைப் பற்றியது. உணவின் பெயரிலோ படத்திலோ முதன்மைப்படுத்தும் மூலப்பொருளின் விகிதத்தை லேபலில் எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் உள்ள விதி. சுவைக்காகச் சிறிதளவு சேர்ப்பதற்கு விலக்கு உண்டென்றாலும், கேள்வி கேட்பதற்கு அது ஒரு பிடியைத் தருகிறது. இஞ்சிப் படம் போட்ட ஒவ்வொரு போத்தலிலும் 'இஞ்சி இத்தனை சதவீதம்' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதும்படி நம் அரசும் கேட்கலாம். இதனால் பயனடைவோர் ரம் குடிப்பவர்கள் மட்டுமல்லர். குருநாகலிலும் கண்டியிலும் கம்பகாவிலும் இஞ்சி பயிரிடும் விவசாயி, படத்துக்குக் கிடைக்கும் மரியாதை தன் கிழங்குக்கும் கிடைக்கக் காண்பார். பெருநாளிலும் பொங்கலிலும் கிறிஸ்மஸிலும் பிள்ளைகளின் கையில் இதே போத்தலைக் கொடுக்கும் தாய், எதைக் கொடுக்கிறோம் என்று அறிவார்.

எனவே கேட்ட நண்பருக்கு என் பதில் இது: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். மூலப்பொருள் பட்டியலில் 'இஞ்சி' அல்லது 'இஞ்சிச் சாறு' என்று இருக்கிறதா, வெறும் 'சுவையூட்டி'தானா என்று பாருங்கள். நூறு மில்லிலீற்றரில் சீனி 5 கிராமுக்குள் இருந்தால் நன்று. 8க்கு மேல் போனால் வைத்துவிடுங்கள். ரம்மை அளந்து ஊற்றுங்கள். ஏதாவது சாப்பிட்டுக்கொண்டு பருகுங்கள். வாகனச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல இஞ்சி கிடைத்தால் இவற்றில் பாதிக்கு வேலையில்லை. ரம்மை ஊற்றுவதற்கு முன்பே குவளை காலியாகிவிடக்கூடும்.