வெளியேறாத விருந்தாளி

கொழும்புத்துறைக் கரையிலே சிறகுவலை பார்க்கவும் இறால் பிடிக்கவும் முழங்காலளவு நீரில் மணிக்கணக்காக நிற்போரைக் கேட்டால், கால்விரல் இடுக்கு ஊறி வெடிக்கும் சேற்றுப்புண்ணைப் பற்றி நிறையச் சொல்வார்கள். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமிட்டுப் பரவும் படர்தாமரையைப் பற்றியோ எவரும் வாய்திறவார். வெட்கம் அப்படி! ஆயினும் இவ்விரண்டும் அநேகமாக ஒரே குடும்பத்துப் பங்கசுகளின் வேலையே.

அக்குடும்பத்தின் மூத்த பேர்வழி விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானதில், பெயரளவில் கொழும்புத்துறைக்கு உறவான கொழும்பு நகருக்குப் பங்குண்டு. 1903ஆம் ஆண்டிலே, முப்பது வயதும் நிரம்பாத இத்தாலிய வைத்தியர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். அல்டோ காஸ்டெல்லானி என்பது அவர் பெயர். பறங்கிப்புண்ணுக்குக் காரணமான கிருமியை 1905இல் இலங்கையிலே கண்டறிந்தவரும் இவரே. 1915 வரை இங்கு பணியாற்றிய அவர், நோயாளரின் தோற்செதில்களைச் சுரண்டியெடுத்து, கண்ணாடிக் கலங்களிலே பங்கசு வளர்த்துப் பார்ப்பதிற் பேரார்வம் கொண்டிருந்தார். அவ்வாறு வளர்ந்தவற்றுள் ஒன்று, மேலே வெண்பஞ்சு போலவும் அடியிலே செந்நிறமாகவும் தோன்றியது. 1910இல் அதனை அவர் விவரித்து எழுதினார். ‘ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம்’ என்று இன்று வழங்கும் அப்பங்கசுவின் பெயரில் ‘ரூப்ரம்’ என்பது சிவப்பையே குறிக்கும். உலகெங்கும் மனிதர் தோலிலே மிக அதிகமாகக் காணப்படும் பங்கசு இன்று இதுவே.

இது ஏன் ஆண்டுக்கணக்கில் விடாமல் இருக்கிறது? பூனை, நாய், மாடு ஆகியவற்றிடமிருந்து தொற்றும் பங்கசு நமது தோலுக்கு அந்நியன். உடல் உடனே கொதித்தெழுகிறது. தோல் சிவந்து வீங்குகிறது. அந்தப் போரிலே பங்கசு பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. சிவப்பனோ மனிதரையே நம்பி வாழப் பழகியவன். உயிரற்ற மேற்றோலையும் நகத்தையும் மாத்திரம் தின்றுகொண்டு, இரத்தவோட்டம் எட்டாத இடத்திலே அடங்கிக் கிடப்பான். அவனுடைய மேலுறையிலுள்ள ஒரு சர்க்கரைப் பொருள் உடலின் காவற்படையை மந்தப்படுத்தவும் வல்லது. ஓசையில்லாத விருந்தாளியை யார் துரத்துவார்?

நம்மூர்ப் பாட்டிமார் வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசினார்கள். அவ்விலையிலே பங்கசுவை எதிர்க்கும் பொருள் உண்டென்பது மெய்தான். ஆனால் நகத்துக்குள்ளே புகுந்தவனை அது எட்டாது. 1958இல் கிறிசியோபுல்வின் என்ற மருந்தை விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் படர்தாமரையைக் குணமாக்கிக் காட்டிய பின்னரே, உள்ளிருந்து வைத்தியம் செய்யும் வழி பிறந்தது. பிற்காலத்தில் வந்த டெர்பினபின் அதனிலும் வலியது.

அந்த வலிய மருந்துக்கும் இப்போது சோதனை வந்துவிட்டது. இந்தியாவிலே கடந்த பதினைந்து ஆண்டுகளாக, மருந்துக்கு இலகுவில் மசியாத படர்தாமரை வீடு வீடாகப் பரவியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான பங்கசுவுக்கு ‘ட்ரைக்கோபைட்டன் இந்தோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். டெர்பினபின் தாக்குகின்ற நொதியத்தையே அது மாற்றியமைத்துக்கொள்கிறது. 2023இல் நியூயோர்க்கிலே இரு பெண்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்; அவர்களுள் ஒருவர் வெளிநாடு எதற்கும் சென்றவரல்லர்.

இப்பரவலுக்கு உதவிய காரணங்களுள் ஒன்று மருந்துக்கடைகளிலே கேட்டவுடன் கிடைத்த ஸ்டெரொயிட் கலந்த களிம்பு. அதைப் பூசிய மறுநாளே அரிப்பு நின்றுவிடும், சிவப்பும் மறையும். பூசியவர் மகிழ்ந்து அயலாருக்கும் சிபார்சு செய்வார்! நடந்ததோ வேறு. களிம்பு அடக்கியது பங்கசுவை அன்று; அதனோடு போரிட்ட உடலின் காவற்படையை. களிம்பை நிறுத்தியதும் வட்டம் முன்னிலும் அகன்று வெளிப்படும். சில வேளை வட்டமே கலைந்து, பார்க்கும் வைத்தியரையும் அது ஏமாற்றிவிடும்.

ஆகவே, இத்தகைய வட்டம் கண்டவர்கள் கையிற் கிடைத்த களிம்பைப் பூசுமுன் வைத்தியரிடம் காட்டுவது நன்று. தோற்செதிலைச் சுரண்டி, காரத் துளியிட்டு உருப்பெருக்கியிற் பார்த்தால் பங்கசுவின் இழைகள் சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். இன்ன இனம் என்று அறிய வளர்த்துப் பார்க்கவேண்டும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். ஒரு துவாயை நால்வர் பயன்படுத்தும் வீடாயின், நால்வரையும் ஒருங்கே பரிசோதித்தல் வேண்டும். கால்நகத்திலே பற்றியிருந்தால் பொறுமை இன்னும் அதிகம் தேவை. பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஓராண்டுக்கு மேலாகும்.