நாமினி கட்டத்தை நிரப்பும் முன்...

இன்ஷூரன்ஸ்னு பார்த்ததுமே ‘அது அப்பா மேட்டர்’னு பக்கத்தைத் திருப்பப் போறீங்களா? வெயிட் ப்ளீஸ்! கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைச்சு, நீங்க முதல் சம்பளம் வாங்கின கையோட ஒரு ஏஜென்ட் அங்கிள் வீடு தேடி வரத்தான் போறார். அவர் நீட்டுற ஃபார்ம்ல ‘நாமினி’ன்னு ஒரு கட்டம் இருக்கும். அப்போ, என்.எஸ்.எஸ். கேம்ப்ல நீங்க பாடம் சொல்லிக் கொடுத்த குழந்தைகள் இல்லம் ஞாபகத்துக்கு வரலாம். ‘எனக்கு ஏதாவது ஆயிட்டா, இந்தப் பணம் அவங்களுக்குப் போகட்டுமே’ன்னு தோணலாம். சூப்பர் மனசு! ஆனா மனசு மட்டும் போதாது பாஸ்... பேப்பரும் சரியா இருக்கணும்.

இன்ஷூரன்ஸோட பூர்வீகமே அடுத்தவங்களைப் பத்தின கவலைதான். 1744-ல் ஸ்காட்லாந்துல ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர்னு இரண்டு பாதிரியார்கள் ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. சக பாதிரியார்கள் வருஷா வருஷம் ஒரு தொகை கட்டணும். யாராவது இறந்துட்டா, அவரோட மனைவி, பிள்ளைகளுக்கு அந்த நிதியில் இருந்து உதவி போகும். பலர் போடுற சின்னத் தொகை, ஒரு குடும்பத்தையே தாங்கும். இன்னிக்கும் அதே கணக்குதான். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்துல வருஷத்துக்கு 436 ரூபாய்க்கு 2 லட்ச ரூபாய் கவர். ஒருநாள் கணக்குப் பார்த்தா ஒண்ணேகால் ரூபாய்கூட வராது!

இனிதான் முக்கியமான விஷயம். நாமினி கட்டம் மனுஷங்களுக்கானது. உறவு முறையெல்லாம் கேட்பாங்க. சரி, அம்மா பேரை எழுதிட்டு, ‘நீங்க வாங்கி இல்லத்துக்குக் கொடுத்துடுங்க’ன்னு வாயால சொன்னா? 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினப்போ, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சேரும்னு சொல்லிட்டாங்க. அம்மா இல்லத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். சரி, ஃப்ரெண்டை நாமினியா போட்டா? நாமினி பணத்தை வாங்கிக்கிற ஆள்தான், உரிமை வாரிசுகளுக்கேன்னு சுப்ரீம் கோர்ட் 1984-லேயே சொன்னது இங்கே குறுக்கே வரும். இரண்டு வழியிலும் இல்லத்துக்கு கியாரண்டி இல்லை.

அப்புறம் என்னதான் வழி? ரெண்டு இருக்கு.

ஒண்ணு, அசைன்மென்ட். கடைசி நாள் ராத்திரி காப்பியடிக்கிற அசைன்மென்ட் இல்லீங்க! பாலிசியையே டிரஸ்ட் பேருக்கு மாத்தி எழுதுறது. சாட்சி கையெழுத்தோட எழுதி, கம்பெனிக்குத் தெரிவிக்கணும். முழுசாவும் மாத்தலாம், ஒரு பகுதியை மட்டும் மாத்தலாம். காரணம் சொல்லி கம்பெனி மறுக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. முழுசா மாத்திட்டா அது டிரஸ்ட்டோட சொத்து. நாளைக்கு மனசு மாறி, ‘திருப்பிக் கொடுங்க’ன்னு கேட்க முடியாது.

இன்னொண்ணு, உயில். 18 வயசு முடிஞ்சா எழுதலாம். இரண்டு சாட்சிகள் போதும், ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. எப்ப வேணும்னாலும் மாத்தி எழுதலாம். உயில்ல ஒரு பேர், நாமினி கட்டத்துல வேற பேர்னு இருந்தா மட்டும் கோர்ட் படியேற வேண்டி வரலாம். வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

எதுவா இருந்தாலும், இல்லத்தோட பதிவு செஞ்ச பேரை எழுத்து மாறாம எழுதுங்க. வாங்கிக்கத் தயாரான்னு அவங்ககிட்ட முன்கூட்டியே கேளுங்க. வீட்டுலயும் சொல்லி வையுங்க. ஏன்னா, பாலிசி இருக்கிறதே யாருக்கும் தெரியாட்டா பணம் கேட்க ஆளே இருக்காது!

இப்போ ஒரு கசப்பான கேள்வி. உங்க எஜுகேஷன் லோன் பத்திரத்துல அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்காரா? அப்படின்னா, நாளைக்கு நீங்க இல்லாமப் போனா அந்தக் கடன் அவர் தலையில்தான் விழும். முதல் பாலிசி அந்த வீட்டுக்கு. லோனும் வீட்டுச் செலவும் தாங்குற அளவுக்கு கவர் எடுத்துட்டு, அதுக்கு மேல இருக்கிறதை இல்லத்துக்கு எழுதுங்க. உதாரணமா, வீட்டுக்கு 20 லட்சம் தேவைன்னா 22 லட்சத்துக்கு எடுங்க. அந்த 2 லட்சம் இல்லத்துக்கு. அப்பாவைக் கடன்ல விட்டுட்டு தர்மம் பண்ணினா, அது யாரோட தர்மம்?

இன்னொரு உண்மையும் இருக்கு. டேர்ம் பாலிசி எடுத்து, அந்தக் காலம் முடிஞ்சும் நீங்க ஜம்முனு இருந்தா, இல்லத்துக்கு ஒரு பைசா போகாது. நடுவுல பிரீமியம் கட்டாம விட்டாலும் அதே கதைதான். அந்தக் குழந்தைகளுக்கு நோட்டும் பேனாவும் வேண்டியது இந்த ஜூன் மாசம். அதனால, முதல் சம்பளத்துல ஒரு ஐந்நூறு ரூபாயை நேரிலேயே போய்க் கொடுத்துடுங்க. பாலிசி உங்களுக்கு அப்புறம் பேசட்டும்... நீங்க இப்பவே பேசுங்க!