காகிதக் குதிரைகளும் கால் மைலும்

1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் கால் மைல் பந்தயத்துக்கு ஃபோர்டு கம்பெனி சில மஸ்டாங் கார்களை அனுப்பியது. உள்ளே இருந்தது 428 கன அங்குல கோப்ரா ஜெட் என்ஜின். கம்பெனியின் தாளில் அதற்கு 335 குதிரைத்திறன் என்று எழுதியிருந்தது. அல் ஜோனிக் அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டி சூப்பர் ஸ்டாக் பிரிவில் பட்டம் வென்றார். தளத்தில் இருந்த மெக்கானிக்குகளில் அந்த 335ஐ நம்பியவர் யாரும் இருந்திருக்க முடியாது. பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வும் நம்பவில்லை, தன் கணக்கில் அந்த எண்ணைக் கூட்டி வைத்துக்கொண்டது.

குறைத்துச் சொல்வதில் இரட்டை லாபம் இருந்தது. வண்டியின் எடையைக் கம்பெனி அறிவித்த குதிரைத்திறனால் வகுத்துத்தான் ஸ்டாக் வண்டிகளைப் பிரிவுகளில் சேர்த்தார்கள். எண்ணைக் குறைத்தால் பலவீனமான எதிரிகளோடு மோதலாம். இன்னொரு பக்கம், 1960களின் பிற்பகுதியில் காப்பீட்டுக் கம்பெனிகள் இளைஞர்களின் வேகக் கார்களுக்கு பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போயின. சிறிய எண் அங்கேயும் உதவியது. கிரைஸ்லரின் 426 ஹெமிக்கு 425, செவ்ரோலேயின் முழு அலுமினிய இசட்.எல்.1க்கு 430 என்று எழுதினார்கள். இரண்டுமே 500ஐத் தாண்டக்கூடியவை என்பது அந்தக் காலத்திலேயே பட்டறைகளில் தெரிந்த ரகசியம்.

பிக் பிளாக் எனப்படும் இந்தப் பெரிய வகை என்ஜின் பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. போருக்குப் பின் அமெரிக்கக் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்தன, பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது, லாரிகளுக்கு இழுவை தேவைப்பட்டது. செவ்ரோலே 1958இல் கொண்டுவந்த 348 என்ஜின், லாரியையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது; அதையே பெருக்கித்தான் 1961இல் 409 வந்தது. அதற்குள் கால் மைல் ஓட்டம் வேரூன்றிவிட்டது. 1950இல் சான்டா ஆனா விமான ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு முறையாக ஓட்ட ஆரம்பித்தார்கள். 1951இல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.வைத் தொடங்கினார். தெருவில் சாகிற பையன்களை ஒரு வேலிக்குள் கொண்டுவருவதே நோக்கம். 1,320 அடி, நேர்கோடு, முனையில் ஒரு கடிகாரம்.

அந்தக் கடிகாரம்தான் கம்பெனிகளைச் சிந்திக்க வைத்தது. என்ஜின் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதற்குள் எவ்வளவு காற்று போய் வருகிறது என்பதே முக்கியம் என்று புரிந்தது. கால் மைலுக்கு வெளியேயும் அது தெரிந்தது: 1964 டேடோனா 500 பந்தயத்தில் கிரைஸ்லரின் ஹெமி பொருத்திய பிளிமத் கார்கள் முதல் மூன்று இடங்களையும் அள்ளின. ரிச்சர்ட் பெட்டி வென்றார். அரைக்கோள வடிவ எரியறை, எதிரெதிரே சாய்ந்து நிற்கும் பெரிய வால்வுகள், தடையில்லாத காற்று வழி: ரகசியம் அவ்வளவுதான். செவ்ரோலே வேறு வழியில் போனது. 1965இல் வந்த மார்க் 4 என்ஜினில் வால்வுகள் ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்து நின்றன. முள்ளம்பன்றி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 396, 427, 1970இல் 454 என்று அது வளர்ந்தது. அந்த வரிசையின் உச்சம் 1969இன் இசட்.எல்.1 கமாரோ. பந்தயத்தில் அனுமதி பெற 50 கார்களாவது வேண்டும் என்பதால் இல்லினாய் மாநிலத்து டீலர் ஃபிரெட் கிப் 50ஐக் கேட்டார். மொத்தம் 69 உருவாயின. ஒரு காரின் விலை 7,000 டாலரைத் தாண்டியதால் கிப்பால் விற்க முடியவில்லை, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பினார். இன்று அவற்றை ஏலத்தில் எடுக்கக் கோடீஸ்வரனாக இருக்க வேண்டும்.

பிறகு எண்கள் மறுபக்கம் விழுந்தன. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனைக் குறைத்தது. 1972இல் அளக்கும் முறையே மாறியது. அதுவரை மின்விசிறியும் ஏர் ஃபில்டரும் கழற்றிய என்ஜினை மேடையில் வைத்து அளந்தார்கள்; இனி காரில் இருப்பதுபோலவே பூட்டி அளக்க வேண்டும். கார்வெட்டின் 454க்கு 1971இல் 365 என்று இருந்தது 1972இல் 270 ஆனது. ஓராண்டில் என்ஜின் செத்துவிட்டதாகப் பலர் புலம்பினார்கள். குறைந்ததில் பெரும்பங்கு தாளில்தான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது கம்பெனிகளுக்கு இந்த என்ஜின்மேல் இருந்த மிச்ச ஆசையும் போனது. அதன்பின் பிக் பிளாக்கைப் பெரும்பாலும் வேகமாக்கியவர்கள் சிறு லேத் பட்டறைக்காரர்களும் வார இறுதிப் பந்தயக்காரர்களும்தான்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், காகித எண்ணின் மோகம் இன்னும் விடவில்லை. பழைய 454 ஒன்றை எடுத்து, சிலிண்டரை 0.060 அங்குலம் போர் பண்ணி, 4.25 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 496 கன அங்குலம் கிடைக்கும். திறன் அளக்கும் டைனோவில் ஏற்றி அச்சடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால் மைல் நேரம் குதிரைத்திறனின் கனமூலத்தோடு மட்டுமே அசைகிறது. 12 நொடியில் ஓடுகிற காரை 11க்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 10க்கு வர 73 சதவீதம். அதே 11 நொடியை, என்ஜினைத் தொடாமல், எடையில் 23 சதவீதத்தைக் கழித்தும் எட்டலாம். இந்தக் கணக்கு யாருக்கும் ருசிப்பதில்லை. சீட்டைக் கழற்றுவதில் என்ன பெருமை?

தளத்தில் கையில் கொடுக்கும் நேரச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது முதல் 60 அடியின் நேரத்தை. அங்கே பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சமானால் கடைசியில் அதன் ஒன்றரை மடங்குக்குமேல் மிச்சமாகும் என்பது பந்தயக்காரர்களின் அனுபவக் கணக்கு. அந்த 60 அடியைத் தீர்மானிப்பவை டயர், பின்பக்க சஸ்பென்ஷன், கிரவுன் பினியன் விகிதம், டார்க் கன்வெர்ட்டர். கேம் ஷாஃப்ட் 4,000 சுற்றுக்குமேல்தான் விழித்துக்கொள்ளும் என்றால், 2,000 சுற்றில் பிடித்துக்கொள்ளும் கன்வெர்ட்டரோடு அந்தக் கார் தொடக்கக் கோட்டில் மூச்சுத் திணறும். பெரிய கேம், பெரிய கார்புரேட்டர், பழைய கன்வெர்ட்டர் என்கிற சேர்க்கையை அரை நூற்றாண்டாக ஜனங்கள் அலுக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள். 700 குதிரைத்திறன் தாள் வைத்திருப்பவரை, பொருத்தமாகச் சேர்த்த 550 தோற்கடிப்பது அதனால்தான்.

என்ஜினுக்குள் செலவழிக்க ஒரே ஓர் இடம் கேட்டால், சிலிண்டர் ஹெட் என்பேன். செவ்ரோலேயின் பழைய வடிவத்தில் இன்டேக் வழிகள் ஜோடி ஜோடியாக ஒட்டி நின்றதால் ஒன்று நல்ல வழி, பக்கத்தில் இருப்பது மோசமான வழி. எட்டு சிலிண்டரும் ஒரே அளவு காற்றைக் குடிக்கவில்லை. பந்தயக்காரர்கள் தனி ஹெட் வார்த்து அதைத் திருத்திக்கொண்டார்கள். செவ்ரோலேயே 2021இல் வெளியிட்ட 632 கன அங்குல என்ஜினில் எட்டு வழிகளும் ஒரேமாதிரி வந்தன. டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல் 1,004 குதிரைத்திறன். மார்க் 4 வந்து 56 ஆண்டுகள் கழித்து!

இதற்கிடையே, சத்தமே இல்லாத மின்சார செடான் ஒன்று ஷோரூமிலிருந்து நேரே வந்து பத்து நொடிக்குள் கால் மைலைக் கடக்கிறது. அதனால் பிக் பிளாக் கட்டுவது வீண் என்று சொல்ல மாட்டேன். குதிரையேற்றம் கார் வந்தும் நிற்கவில்லை. எனக்கு உண்மையாகவே கவலை தருவது கடிகாரம் நிற்கிற இடம், அதாவது பந்தயத் தளம். இங்கிலிஷ்டவுனில் கால் மைல் ஓட்டம் 2018இல் நின்றது. அட்லாண்டா தளம் 2021இல் மூடப்பட்டது. ஹூஸ்டனும் டென்வர் அருகிலிருந்த பாண்டிமீரும் 2023இல். நிலத்தின் விலை ஏறுகிறது, ஓடுதளத்தைச் சுற்றி வீடுகள் வருகின்றன, வீடுகளில் இருப்பவர்களுக்குச் சத்தம் பிடிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மிஞ்சிய தளங்களில் பல அரைக்கால் மைலோடு, அதாவது 660 அடியோடு, நிறுத்திக்கொள்கின்றன. உச்சப் பிரிவான டாப் ஃபியூயலே, 2008இல் ஸ்காட் கலிட்டா இறந்த விபத்துக்குப்பின் 1,000 அடிக்குச் சுருங்கிவிட்டது. அரைக்கால் மைல் நேரத்தைக் கையில் வாங்கும் இளைஞர் செல்போனை எடுத்து ஏறத்தாழ 1.56ஆல் பெருக்கி, தன் கார் கால் மைலில் இத்தனை நொடி ஓடும் என்று சொல்லிக்கொள்கிறார்.