நீரிணைக்கு அப்பாலும் தமிழ்

அயல்நாட்டுப் பயணம் என்றவுடன் நம் மனத்தில் எழும் முதல் அச்சம் மொழியைப் பற்றியதே. வழி கேட்கவும் சொல்லின்றித் தவிக்க நேருமோ என்னும் அச்சம் அது. இலங்கைக்குச் செல்லும் தமிழ்நாட்டார்க்கு அவ்வச்சம் பெரிதும் இல்லை. ஆனால், அச்சம் நீங்கிய இடத்தில் ஓர் அலட்சியம் வந்து அமர்ந்துகொள்கிறது. 'நம் மொழி பேசுவோரிடம் நாம் கற்க என்ன இருக்கிறது?' என்னும் அலட்சியமே அது. மொழி தெரிந்த நாட்டுக்குச் செல்பவனே மிகுந்த பணிவோடு செல்லவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சொற்களைப் பார்ப்போம். அங்கே 'கதைத்தல்' என்பது பேசுதல். நம்மிடமோ 'கதைக்கிறான்' என்றால் வீண்பேச்சுப் பேசுகிறான் என்று பொருள். நாற்காலியைக் 'கதிரை' என்றும், காலணியைச் 'சப்பாத்து' என்றும் அவர்கள் சொல்லும்போது நம்மவர் நகைப்பதுண்டு. அவை போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொற்கள்தாம். ஆனால், நாம் நாள்தோறும் வழங்கும் சாவியும் ஜன்னலும் மேசையும் யார் தந்தவை? அவையும் அதே போர்த்துக்கீசியர் தந்தவையே. நாம் 'சாவி' என்று இரவல் சொல்லால் குறிப்பதை அவர்கள் 'திறப்பு' என்று நல்ல தமிழில் வழங்குகின்றனர். இனி நகைப்பதற்கு உரிமை யாருக்கு?

சொல் வேறுபாடு சிறிது. பொருள் வேறுபாடே பெரிது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கேட்கும் 'வாப்பா', 'உம்மா', 'ராத்தா' என்னும் அழைப்புகளை இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் கேட்டபோது, என் வீட்டுக்கே வந்துவிட்டதாக மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடு கிழக்குக் கரையில் ஒரு பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முதியவர் ஒருவர், "நீங்க தமிழ் ஆக்களா, முஸ்லிம் ஆக்களா?" என்று கேட்டார். "இரண்டுந்தான்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அங்க அது சரி தம்பி; இங்க அது ஏலாது" என்றார்.

அவர் பேசியது முழுவதும் தமிழே. ஆயினும், 'தமிழர்' என்ற ஒரு சொல் எனக்கு மொழியையும் அவருக்கு வேறோர் இனத்தையும் குறித்தது. இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888-இல் எழுதினார். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தபோது, தமிழ் பேசும் அனைவரையும் அது தாக்கியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததும், 1983 ஜூலையில் தமிழர் குருதி சிந்தியதும் நாம் அறிந்தவை. ஆனால், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டதையும், அதே அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதையும் நம் மாணவருள் எத்துணை பேர் அறிவர்? வெளியேறுமாறு விடுத்த கட்டளையும் தமிழிலேயே இருந்தது. வெளியேறியோர் புத்தளத்து முகாம்களில் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் தமிழிலேயே. மொழி ஒன்றாவதால் மட்டும் மனங்கள் ஒன்றாவதில்லை என்பதற்கும், மனம் புண்பட்ட பின்னும் மொழியைக் கைவிடாத மக்கள் உண்டு என்பதற்கும் இதனினும் சான்று வேண்டுமோ?

'ஒரே மொழி பேசுகிறீர்கள். பிறகு ஏன் பிரிந்து நிற்கிறீர்கள்?' என்று கேட்க நமக்கு எளிது. இழந்தவர்க்கு விடை சொல்வது எளிதன்று. விருந்தாகச் சென்றவன் வழக்கைத் தீர்க்கச் சென்றவன் அல்லன். செவி கொடுப்பதே அவன் முதற்கடன்.

நாம் அவர்களுக்குப் பட்ட கடனும் சிறிதன்று. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்துத் தந்தார். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த விபுலாநந்தர் 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, 1885-இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் தோன்றிய தமிழ் நாவல் அது. நம் திரைப்படங்களும் வார இதழ்களும் நீரிணையைக் கடந்து சென்ற அளவுக்கு அவர்கள் நூல்கள் இக்கரைக்கு வந்தனவா? ஒருவரே பேசி மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதை உறவு என்று எங்ஙனம் சொல்வது?

முன்னாளில் சென்னையில் புகைவண்டி ஏறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. கப்பல் வழி திறந்தால் போதாது, மனவழியும் திறக்கவேண்டும்.

ஆதலின், மாணவர்களே, அக்கரை செல்லுமுன் அந்நாட்டுத் தமிழ் நூல் ஒன்றையேனும் படித்துச் செல்லுங்கள். சென்றபின் உங்கள் தமிழைக் காட்டுவதினும் அவர்கள் தமிழைக் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களும் கல்லூரியை நடத்தும் பெரியோரும் இலங்கை முஸ்லிம்களின் எழுத்துகளுக்கு நம் பாடத்திட்டத்திலும் நூலகத்திலும் உரிய இடம் தரவேண்டும். 'ஏலாது' என்ற அம்முதியவரின் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு நின்றது. தமிழ் தெரிந்தும் அச்சொல் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை. நம் பிள்ளைகளுக்கேனும் அது விளங்கட்டும்.