மங்கிய வில்லை

சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தம் தாயாருடன் நம்மைக் காண வந்திருந்தார். கையில் ஒரு தோற்பெட்டி. அதனுள்ளே அவருடைய அம்மப்பா பயன்படுத்திய லைக்கா கமெராவும், அதனோடு சேர்ந்த ‘சும்மார்’ வில்லையும் இருந்தன. கடைக்காரர் ஒருவர் அவ்வில்லையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது செத்துப் போயிற்று, அழகுக்கு அலுமாரியில் வைக்கலாம்” என்று சொல்லி, மிகச் சிறிய தொகைக்குக் கேட்டாராம். விற்பதற்குத் தாயாருக்கு மனமில்லை. பழுது பார்ப்பதென்றாலோ, மகனின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இது அழுக்கா, காயமா?”

பழைய வில்லைகளைப் பற்றி நம்மிடம் வரும் கேள்விகளுள் இத்துணைச் சரியான கேள்வியை நாம் கேட்டதில்லை. அழுக்காயின் துடைக்கலாம், காயமாயின் துடைக்கத் துடைக்க அது அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்.

‘சும்மார்’ வில்லையை ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலுள்ள லைட்ஸ் நிறுவனத்தார் 1933ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குவியத் தூரம் 5 சென்ரிமீற்றர். ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அதனுள் அமைந்துள்ளன. ஆகவே காற்றோடு தொட்டிருக்கும் கண்ணாடிப் பரப்புகள் எட்டு. மேற்பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் திருப்பியனுப்பிவிடும். எட்டுப் பரப்புகளையும் கடந்து படச்சுருளை அடைவது நூற்றுக்குச் சுமார் 72 பங்கு ஒளிதான். எஞ்சியதிலும் ஒரு பகுதி வில்லைக்குள்ளேயே அலைந்து திரிந்து, கருமையாக விழவேண்டிய இடங்களிற் போய்ச் சேரும். புதிதாய் இருந்த நாளிலேயே நிலைமை இஃது. இதன்மேல் உள்மங்கலும் சேர்ந்தால், படத்திற் கறுப்பு என்பதே இல்லாமற்போய் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

இம்மங்கல் எங்கிருந்து வருகிறது? சமையலறை யன்னற் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுபுரிகளிலும், ஒளித்துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களிலும் இட்ட மசகெண்ணெய், பல்லாண்டுச் சூட்டில் மெல்ல ஆவியாகி உட்கண்ணாடிகளிற் படிகிறது. இதழ்களுக்கு முன்னும் பின்னுமுள்ள பரப்புகளிலேயே அது முதலிற் குடியேறும்.

இதனைக் கண்டறிய இரவுப் பொழுதே ஏற்றது. வில்லையைக் கமெராவிலிருந்து கழற்றி, ஒளித்துவாரத்தை முழுதாகத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறிய ரோச் விளக்கொன்றை வில்லையின் பின்புறத்திற் சற்றுச் சரிவாகப் பிடிக்க வேண்டும். நாம் முன்புறமிருந்து, ஒளி நேரே கண்ணிற் படாதவாறு பக்கவாட்டில் நோக்க வேண்டும். பகலிற் பளிங்குபோலத் தெரிந்த வில்லை அப்போது தன் உண்மையைச் சொல்லும். மாணவரின் வில்லையை இவ்வாறு பிடித்தபோது, தண்ணீரில் இரண்டு துளி பால் விட்டாற்போல ஒரே சீரான வெண்மை தெரிந்தது. இஃது எண்ணெய்ப் படிவின் தோற்றம். அப்படியன்றி ஓரத்திலிருந்து சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சணம். விளிம்பில் வானவில் நிறத்தோடு பிறைபோல ஒரு பளபளப்புத் தெரிந்தால், இரு கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் என்னும் மரப்பிசின் விட்டுப் போகின்றது என்பது பொருள். அதைப் பிரித்து மீள ஒட்டுவது மிகச் சிலரே செய்யும் வேலை. கண்ணாடிக்குள் ஊசிமுனையளவு காற்றுக் குமிழ்கள் ஒன்றிரண்டு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அக்காலத்து உயர்ந்த கண்ணாடிகளிலும் அவை உண்டு.

மங்கல் எப்பக்கத்தில் என்று அறிய எளிய வழி உண்டு. இதழ்களை இயன்றவரை மூடிவிட்டு, இம்முறை ரோச் விளக்கை நாம் நோக்கும் பக்கத்திலிருந்தே சரிவாக அடித்துப் பார்க்க வேண்டும். முன்னிருந்து நோக்கும்போது மங்கல் மறைந்துவிட்டால் அது இதழ்களுக்குப் பின்னால் இருக்கின்றது. பின்னர் வில்லையைத் திருப்பிப் பிடித்து, மறுபுறமிருந்தும் அவ்வாறே நோக்கி உறுதி செய்துகொள்ளலாம். அவ்வாறு பார்த்ததில், மாணவரின் வில்லையில் இதழ்களுக்கு இருபுறமும் மங்கல் இருந்தது.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறோம். பழைய கண்ணாடியிற் சில வேளை நீலமும் ஊதாவும் கலந்த ஒரு சாயல் தெரியும். இதை மங்கலென்று எண்ணித் தேய்த்துக் கெடுத்தவர் பலர். இங்கிலாந்தில் வில்லைகள் அமைத்த டென்னிஸ் ரெய்லர் என்பார், இவ்வாறு நிறம் மாறிய பழைய வில்லைகள் புதியவற்றிலும் அதிக ஒளியை உட்செலுத்துகின்றன என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டார். ஒளித்தெறிப்பைக் குறைக்க வில்லைகளுக்கு இன்று இடும் மேற்பூச்சும் இதே உண்மையில் எழுந்ததுதான். மூப்பும் சில வேளை நன்மை செய்யும்!

நிற்க. தாயாரின் கேள்விக்கு அன்று நாம் சொன்ன விடை அவருக்கு உவப்பாயிருந்திராது. மங்கலைக் காண ரோச் விளக்குப் போதும். அது கண்ணாடியின் மேலே இருக்கின்றதா, கண்ணாடியையே தின்றுவிட்டதா என்பதை அறிய வில்லையைத் திறந்தேயாக வேண்டும். பூஞ்சணம் சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரிக்கும். நெடுங்காலம் துடையாது விட்ட எண்ணெய்ப் படிவின் கீழும் சிலவகைக் கண்ணாடிகள் வெண்மை பூத்துப் போவதுண்டு. ஆதலின் பழைய வில்லை வாங்குவோர், “சிறு மங்கல்தான், படத்தைப் பாதிக்காது” என்ற விற்பனைச் சொல்லை நம்பி விலை பேசலாகாது. மங்கல் நீங்காது என்றே கொண்டு விலை பேச வேண்டும். நீங்கினால் அது நம் நற்பேறு. பிடிவளையத்தின் வெட்டுக்களிற் கீறல்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால், தகுந்த கருவியில்லாத கை ஒன்று முன்னரே உள்ளே போய் வந்திருக்கின்றது.

தாயார் சிறிது நேரம் யோசித்தார். பின்னர், “திறந்து பார்ப்போம்” என்றார். நாம் அறிந்த தொழிலாளர் ஒருவரிடம் அனுப்பினோம். இரண்டு கிழமைக்குப் பின் வில்லை திரும்பி வந்தது. இதழ்களுக்கு முன்னிருந்த பரப்பு முற்றாகத் தெளிந்துவிட்டது. பின்னிருந்த பரப்பில், பயறளவான ஓரிடம் மட்டும் வெண்மையாகவே நின்றுவிட்டது. அது காயம். முன்கண்ணாடியின் வெளிப்புறத்திலோ எண்ணற்ற நுண்ணிய கீறல்கள். ‘சும்மார்’ முன்கண்ணாடி மிக மென்மையானது. அம்மப்பா தம் கைக்குட்டையால் நாள்தோறும் அன்போடு துடைத்ததன் விளைவு இஃது என்றே கருதுகிறோம்.

ஒரு படச்சுருள் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். வெயிலை முதுகுப்புறம் வைத்து எடுத்த படங்களிற் குறை காண்பதற்கில்லை. யன்னலுக்கு எதிரே அம்மம்மாவை இருத்தி எடுத்த படத்தில், அவருடைய வெண்சேலையைச் சுற்றி ஒளி மெல்லக் கசிந்திருந்தது. மாணவர் அதனைக் குறையென்றார். தாயார் அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எதிரொளியில் எடுக்கும்போது வில்லைக்கு ஒரு நிழற்கூடு பூட்டினால் இக்கசிவு ஓரளவு குறையும்.

கமெராவைத் தோற்பெட்டியில் இனி வைக்க வேண்டாமென்று சொல்லியனுப்பினோம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 70 வீதத்தைத் தாண்டினாற் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். கொழும்பிலோ ஆண்டின் பெரும்பகுதி அந்நிலைதான். காற்றுப் புகாத டப்பாவொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது உலர்த்திக்கொண்டாற் போதும். மாதம் ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடிப்பது அதனினும் நல்லது. வெயிலிற் காய வைக்க விரும்புவோர் வில்லையைக் கழற்றி வைத்தல் வேண்டும். பூட்டியபடியே வைத்தால் வில்லை வெயிலைக் குவித்து, லைக்காவின் துணித்திரையிற் பொத்தலிட்டுவிடும்.