சைக்கிளில் சரக்கு கொண்டு போகிறவருக்கும் சட்டம் உண்டு

கடைவீதியில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். மினி லாரியும் லோடு ஆட்டோவும் எத்தனை வந்தாலும், மண்டியிலிருந்து சில்லறைக் கடைக்கும், கடையிலிருந்து ஓட்டலுக்கும் வீடுகளுக்கும் சரக்குப் போவது பல ஊர்களில் இன்றும் சைக்கிளில்தான். கேரியரில் ஓர் அரிசிச் சிப்பம், ஹேண்டில்பாரின் இரு பக்கமும் பைகள், சட்டைப் பையில் சிட்டை. இந்த சைக்கிளை மிதிப்பவரைக் 'கடைப் பையன்' என்கிறோம். பையனுக்கு வயது 45 இருக்கலாம், மகளுக்குக் கல்யாணம் முடித்தவராகவும் இருக்கலாம். நமது வழக்கம் அப்படி.

அவர் மீது ஒரு வேன் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. கூட்டம் கூடும். நாலு பெரிய மனிதர்கள் நடுவில் நிற்பார்கள். வேன்காரரிடம் 2,000 ரூபாயோ 3,000 ரூபாயோ வாங்கி அடிபட்டவர் கையில் திணிப்பார்கள். 'போலீஸ், கோர்ட்டு என்று அலையாதே' என்று புத்தி சொல்வார்கள். அந்த நாலு பேரில் பெரும்பாலும் நாமும் ஒருவராக இருக்கிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். எனினும், அந்தத் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய நஷ்டத்தை வேறு யாரும் உண்டாக்க முடியாது என்பதே நமது கருத்து.

சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. ஆகவே நஷ்டஈடு கேட்க வழியில்லை என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு உண்டு. இது தவறு. இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டியது மோதிய மோட்டார் வாகனத்துக்குத்தான். மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் எந்த மோட்டார் வாகனமும் ரோட்டில் ஓடக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அந்த மூன்றாம் நபர் யார்? நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும்தான்.

அச்சட்டத்தின் 164ஆம் பிரிவு 2022 ஏப்ரல் முதல் புதிய வடிவில் அமலில் இருக்கிறது. டிரைவர் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். கொடுங்காயம் என்றதும் கை கால் போக வேண்டும் என்று நினைக்கக் கூடாது. சட்டத்தின் கணக்கில் எலும்பு முறிவே கொடுங்காயம்தான். மணிக்கட்டு முறிந்தவருக்கு ரோட்டோரப் பஞ்சாயத்தில் 2,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து நாம் பெருமைப்படுவதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நஷ்டம் இதைவிட அதிகம் என்றால் 166ஆம் பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அங்கே டிரைவரின் கவனக் குறைவைக் காட்ட வேண்டும். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், நிரந்தர ஊனத்தால் குறையும் வருமானம் எல்லாம் கணக்கில் வரும், வட்டியும் உண்டு. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் மட்டும் முக்கியமல்ல, அந்த ஊனம் அவரவர் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு முழங்கால் போவதும், சைக்கிள் மிதிப்பவருக்கு முழங்கால் போவதும் ஒன்றா? ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். 164ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால் 166இன் மனு காலாவதியாகிவிடும். வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். காரியம் கெடுவதே அங்கேதான். 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டால், போலீசுக்குப் பயந்து 'நானே சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்' என்கிறார்கள். கூடப் போன நாமே அப்படிச் சொல்லச் சொல்வதும் உண்டு. அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு கால் சரியாகவில்லை, ஆபரேஷன் வேண்டும் என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிய வரும்போது, இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், வண்டி நம்பரைச் சொல்ல வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். மனுப் போட 6 மாதக் கெடு உண்டு. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்பது உண்மை. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது. வண்டி இன்னதென்று தெரியாத விபத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். சிகிச்சைக்கு, 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் முதல் 7 நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் வைத்தியம் பெறலாம்.

நம் பக்கமும் தவறில்லாமல் இல்லை. பின்னால் பிரதிபலிப்பான் இல்லாத, பிரேக் பிடிக்காத சைக்கிளில் இருட்டிய பிறகு லோடு ஏற்றி அனுப்புகிறோம். சைக்கிள்காரரிடமும் தவறு இருந்தது என்று தீர்ப்பாயம் கருதினால் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்துவிடும். நூறு ரூபாய்ச் சாமானில் நாம் மிச்சம் பிடித்தது அவர் தலையில் விடியும்.

சம்பளப் பதிவேடும் அப்படியே. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, எதிலும் எழுதாமல் விட்டால், அவர் வாங்கியது எவ்வளவு என்று யார் சொல்வது? ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், வருமானத்துக்குக் காகிதம் இல்லை என்று தள்ளிவிடாமல் மாதம் 6,500 ரூபாய் என்று கணக்கிட்டது. ஆனாலும் கணக்குப் புத்தகம் இருக்கும்போது ஊகம் எதற்கு?

வேலை நேரத்தில் அடிபட்டால் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. 1923 முதல் தனிச் சட்டமாக இருந்த அந்தப் பொறுப்பு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இப்போது அடங்கியிருக்கிறது. தொழிலாளி முதலாளியிடம் கேட்கலாம், அல்லது மோதிய வண்டியின் மீது கேட்கலாம்; இரண்டையும் கேட்க முடியாது. ஆகவே வண்டியின் மீது வழக்குப் போட அவருக்குத் துணை நிற்பது நமக்கும் லாபமே. வியாபாரிகளிடம் இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. மோதிய மினி லாரி பல சமயம் நம்மில் ஒருவருடையது. 'அண்ணாச்சி வண்டிதானே, விட்டுவிடு' என்று அடிபட்டவரின் வாயை அடைப்பது அதனால்தான். பாலிசி உயிரோடு இருந்து, டிரைவருக்கு முறையான லைசென்சும் இருந்தால், பணம் கட்டப் போவது இன்ஷூரன்ஸ் கம்பெனி; அண்ணாச்சி அல்ல. பாலிசி முடிந்துபோயிருந்தால்தான் அவர் சொத்துக்கு ஆபத்து. உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் வண்டிகளின் பாலிசியை எடுத்து, முடியும் தேதியைப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.